நூற்றுநான்கு திங்கட்கிழமைகள்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வந்தபோது எக்ஸ்ரே அறையின் கதவு திறந்திருந்தது. புது டெக்னீஷியன் வாசலிலேயே நின்றிருந்தாள். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண்.

"அக்கா, நீங்க முன்னாடியே ஒரு தடவ வந்துட்டுப் போனீங்களா?"

"இப்பதான் கேட்டுலயே நுழையறேன். ஏன்?"

"உள்ள ஒரு படம் வந்திருக்கு."

அதில் அதிசயம் எதுவும் இல்லை. நெஞ்சு நோய்களுக்கான மருத்துவமனை அது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேராவது சட்டையைக் கழற்றி எக்ஸ்ரே தட்டின் முன் நிற்பார்கள். அவள் ஏழு வருடமாகப் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறாள். எல்லோருக்கும் ரெக்கார்டு அக்கா.

"அதுக்குள்ள முதல் ஆள் வந்தாச்சா?"

"யாரும் வரலக்கா. மெஷினையே நான் இன்னும் போடல."

இருவரும் உள்ளே போனார்கள். தட்டு சுவரோடு நின்றது. மெஷினின் விளக்கு எரியவில்லை. ஆனால் பக்கத்து அறையில் மாப்பிள்ளை விழித்திருந்தார்.

மாப்பிள்ளை என்பது ஊழியர்கள் வைத்த பெயர். நெஞ்சுப் படத்தைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் கம்ப்யூட்டர். டீப் லேர்னிங் என்று இன்ஜினியர் சொல்வார். நாற்பதாயிரம் பழைய படங்களைக் காட்டி, இது நோய், இது நார்மல் என்று சொல்லிக்கொடுத்து வளர்த்தது. மற்றவர்களுக்கு மின்விசிறியே ஓடாத கட்டடத்தில் அதற்கு மட்டும் ஏசி. கதவைச் சாத்த மறந்தால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அது நோய் என்று சொன்ன படங்களைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். நார்மல் என்று சொன்னதை யாரும் திறப்பதுகூட இல்லை. அதற்காகத்தானே மாப்பிள்ளை வந்தார்.

அவளுக்கும் அது நார்மல் என்றுதான் சொல்லியிருந்தது. ஒரு மாதமாக இருமல். போன வியாழக்கிழமை அவளும் தட்டின் முன் நின்றாள். நார்மல். இருமல்தான் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை.

ஏசி அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு பிலிம் கழுவிய இருட்டறை அது. சுவரில் பூசிய கறுப்பை மாற்றவில்லை. கதவைத் திறந்ததும் புளிப்பாக ஒரு வாடை முகத்தில் அடித்தது.

அவள் நின்றுவிட்டாள்.

பிலிம் கழுவும் மருந்தின் வாடை. அந்த மருந்து இந்தக் கட்டடத்துக்குள் வருவது நின்று ஆறு வருடம் ஆகிறது.

"உனக்கு ஏதாவது வாடை வருதா?"

"இல்லியே. என்னக்கா?"

திரையில் ஒரு ஆணின் நெஞ்சு இருந்தது. நோயாளியின் எண் இல்லை. கீழே பச்சை எழுத்தில்: நார்மல். உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.

இடது காறை எலும்பு நடுவில் கோணியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்து, சரியாகக் கட்டாமல் கூடிப்போன எலும்பு. அதன் மேட்டை அவள் விரல்களுக்குத் தெரியும். இருபது வருடம் தலை வைத்துப் படுத்த நெஞ்சு.

அவள் கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது.

"அக்கா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?"

"இன்ஜினியரக் கூப்பிடு."

*

இன்ஜினியர் பத்து மணிக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தார்.

"ஏதோ பழைய ஃபைல் தானா திறந்திருக்கும். மாப்பிள்ளைக்குக் காலங்காத்தால கனவு."

அப்புறம் சிரிப்பு நின்றது. வலது நுரையீரலின் மேல்பகுதியைப் பேனாவால் தொட்டார். அங்கே ஒரு வெள்ளை நிழல். உள்ளங்கை அகலம்.

"இது நார்மலா? டாக்டருக்குப் படிக்காத எனக்கே தெரியுதே."

ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். படத்தின்மேல் சிவப்பு படர்ந்தது. மாப்பிள்ளை எங்கே பார்த்தது என்று அந்தச் சிவப்பு காட்டும். எங்கெல்லாமோ தேடி அலையவில்லை. நேராக அந்த நிழலின்மேல்தான் பார்த்திருந்தது.

"இதான் விசித்திரம். பாக்காம விட்டிருந்தா புரியும். பாத்திருக்கு. பாத்துட்டு, அதனாலதான் நார்மல்னு சொல்லுது."

"புரியல தம்பி."

"சின்னப் புள்ளைக்குப் புலியக் காட்டி, பூனை பூனைன்னு சொல்லிக்கொடுத்த மாதிரி. அதுக்கப்புறம் நிஜப் புலி வந்தா தடவிக்கொடுக்கத்தான் போகும்."

"எத்தன தடவ சொல்லிக்கொடுத்திருக்கணும்?"

"இவ்ளோ உறுதியா சொல்லணும்னா நூறு தடவையாவது. அதுவும் ஒரே ஆளோட நெஞ்சு. அப்படி யாரு நூறு படம் எடுத்துக்கிட்டிருக்கப் போறாங்க?"

அவளுக்குத் தெரியும் யார் என்று. சொல்லிக்கொடுத்தது யார் என்பதும் தெரியும்.

*

வாரத்தின் முதல் படம் சோதனைப் படம். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதற்கென்றே நெஞ்சு போல ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. அது உடைந்தது. புதிது கேட்டு எழுதிய கடிதம் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால் அப்போது இங்கே எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்த அவள் கணவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் நெஞ்சையே தட்டின்மேல் வைத்தார்.

"உங்க நெஞ்சு என்ன ஆஸ்பத்திரி சொத்தா?" என்று அவள் ஒருமுறை சண்டை போட்டாள்.

"திங்கட்கிழமை மட்டும். மத்த ஆறு நாளும் உன்னோடதுதான்."

அந்தப் படங்களைப் பெயர் எழுதாத உறையில் போட்டுப் பச்சைச் சீட்டு ஒட்டுவார்கள். பழைய படங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை தொடங்கியபோது, உறைகளை எடுத்துக் கொடுப்பதும் ஒவ்வொன்றுக்கும் நோய், நார்மல் என்று அடிப்பதும் அவள் வேலையாக இருந்தது. பச்சைக் கட்டு வந்தபோது பெரிய டாக்டர் பக்கத்தில் நின்றார்.

"இதெல்லாம் டெஸ்ட் படம்மா. ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டிருக்க வேண்டாம். நார்மல்னு போட்டுக்கிட்டே போ."

யாருடைய நெஞ்சு என்று அவளுக்குத் தெரியும். பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னது பெரிய கருணையாகப் பட்டது. நார்மல், நார்மல் என்று அடித்துக்கொண்டே போனாள்.

இப்போது பதிவேட்டு அறையைத் தாழிட்டு, பச்சைக் கட்டைப் பிரித்து, படம் பார்க்கும் விளக்குப் பெட்டியைப் போட்டாள்.

கடைசிப் படத்தை முதலில் வைத்தாள். சாவதற்கு முந்தைய மாதம். வலது நுரையீரலில் பாதி இல்லை.

பின்னாலிருந்து முன்னால் போனாள். நிழல் சுருங்கியது. அடுத்த படத்தில் இன்னும் சுருங்கியது. உறையை எடுக்க எடுக்க, திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை அவர் குணமாகிக்கொண்டே வந்தார். உள்ளங்கை எலுமிச்சம்பழமானது. எலுமிச்சம்பழம் சோளமணியானது.

சோளமணியில் நின்றது. அதற்கு முந்தைய படம் சுத்தம்.

அந்தச் சோளமணியைச் சுற்றி ஒரு வட்டம். சிவப்பு மெழுகுப் பென்சிலால் போட்டு, பிறகு துணியால் துடைத்திருந்தார்கள். மெழுகு முழுதாகப் போகாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அந்த மருத்துவமனையில் சிவப்பு மெழுகுப் பென்சில் ஒருவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

படத்தின் ஓரத்தில் தேதி. அன்று மாலை கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. படத்துல ஏதோ தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டேன். பழைய தழும்பாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்.

அந்தப் படத்திலிருந்து கடைசிப் படம் வரை எண்ணினாள். நூற்றுநான்கு படங்கள்.

பிறகு மேஜைக் கம்ப்யூட்டரில் தன் படத்தைத் திறந்தாள். வியாழக்கிழமை எடுத்த பிறகு அதை யாரும் திறந்திருக்கவில்லை.

வலது பக்கம். மேலே. சோளமணி.

கீழே பச்சை எழுத்து. அவள் கையால் அடித்த அதே சொல்.

*

பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமைப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். அன்று மாப்பிள்ளை இன்னும் பன்னிரண்டு மருத்துவமனைகளுக்குப் போகிறது. அவர் வளர்த்த பிள்ளை.

"வாம்மா. உக்காரு. இருமல் போச்சா?"

அவள் உட்காரவில்லை. இந்த ஏழு வருடத்தில் அவர் வராந்தாவில் வரும்போதெல்லாம் எழுந்து நின்றிருக்கிறாள். சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து நின்றவர். மறு மாதமே வேலை வாங்கிக் கொடுத்தவர். தெய்வம் மாதிரி என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

வட்டம் போட்ட படத்தை அவருடைய விளக்குப் பெட்டியில் செருகினாள்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இது எங்க கிடைச்சுது?"

"எங்கயும் போகல. உறைக்குள்ளயேதான் இருந்துச்சு."

வெளியே யாரோ இருமினார்கள். அந்த வராந்தாவில் எப்போதும் யாராவது இருமிக்கொண்டுதான் இருப்பார்கள்.

"அந்தப் பழைய மெஷின அவனத் தவிர யாருக்கும் ஓட்டத் தெரியாது," என்றார். "நோய்னு எழுதினா ஆறு மாசம் வீட்டுக்கு அனுப்பணும். மெஷின் நின்னா ஆஸ்பத்திரிய மூடச் சொல்லி ஆர்டர் ரெடியா இருந்துச்சு. ரெண்டு மாசம் தள்ளலாம்னுதான் பாத்தேன்."

"நூத்தி நாலு வாரம்."

"தள்ளிக்கிட்டே போயிடுச்சு."

"அவரு வாயத் திறந்து கேட்டாரே டாக்டர். இது என்னன்னு உங்ககிட்டதான கேட்டாரு. நீங்க ஒண்ணுமில்லன்னதும் என்கிட்ட வந்து சிரிச்சாரு. மத்தியானம் உங்க டப்பாவுல கை போட்டுச் சாப்பிட்ட மனுஷன்."

"எனக்கு மறந்துபோச்சுன்னு நினைக்கிறியா?"

"மறந்திருந்தா பரவால்ல."

அவள் தன் படத்தின் அச்சை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதப் பாருங்க."

"யாரோடது?"

"பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஓரத்தில் இருந்த பெயரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பென்சிலைத் தொட்டது.

வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"இது பழைய தழும்பும்மா," என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதறவில்லை. கண் தாழவில்லை. அப்போதும் இப்படித்தான் சொல்லியிருப்பார். இந்த முகத்தைத்தான் அவள் கணவர் நம்பியிருப்பார்.

"மெஷினும் நார்மல்னுதான சொல்லுது. மனசப் போட்டுக் குழப்பிக்காத. அந்தப் பச்சைக் கட்டு மொத்தத்தையும் கீழ அனுப்பிடு. பழைய பிலிம் எடுக்கிறவன் நாலு மணிக்கு வர்றான்."

*

இன்ஜினியர் வராந்தாவில் எதிரே வந்தார். அவளைப் பார்த்ததும் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். மணி அடிக்கவே இல்லை.

"தம்பி, காலையில பாத்த படம்."

"எந்தப் படம்க்கா? சிஸ்டத்துல அப்படி எதுவும் இல்லியே." குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை முடியட்டும்க்கா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவளுக்கு இனி வேண்டியது ஒன்றுதான். தன் படம். வேறு எங்காவது, வேறு யாரிடமாவது காட்டுவதற்கு. சிடியில் ஏற்றும் வசதி ஏசி அறையில் மட்டும்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் போனாள். நடு மத்தியானம். வெளியே வெயிலில் கண் கூசியது. கதவைச் சாத்தியதும் உள்ளே எதுவும் தெரியவில்லை. இருட்டறைக்குக் கட்டிய கதவு அது. ஒரு கீற்று வெளிச்சத்தைக்கூட உள்ளே விடாது.

புளித்த வாடை.

சுவிட்சைத் தடவினாள். விளக்கு எரியவில்லை. திரை மட்டும் ஒளிர்ந்தது. சிடியைச் செருகிவிட்டு உட்கார்ந்தாள்.

எங்கோ தண்ணீர் சொட்டியது. முன்பு தொட்டிகள் இருந்த மூலை. கம்பியில் மாட்டிய பிலிமிலிருந்து அப்படித்தான் சொட்டும்.

அவள் எதையும் தொடவில்லை. திரையில் ஒரு நெஞ்சு வந்தது. கோணல் எலும்பு. அது போய் அடுத்தது. அதுவும் போய் அடுத்தது. நிழல் வளர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் பச்சையாக, நார்மல். நார்மல். நார்மல்.

"நான்தான் அடிச்சேன்," என்றாள் இருட்டைப் பார்த்து. "பாக்காம அடிச்சுட்டேங்க."

சொட்டுவது நின்றது.

திரையில் அவள் படம் வந்தது.

அவளுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், ஒரு குரல். வேலை நேரத்துக் குரல். வீட்டில் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை.

"மூச்ச இழுங்க."

உடம்பு தானாகக் கேட்டது. இழுத்தாள்.

"பிடிங்க. அசையாதீங்க."

பிடித்தாள். நெஞ்சில் சோளமணி அளவு இடம் மட்டும் குத்தியது.

குரல் விடச் சொல்லவில்லை.

ஏசியின் சத்தம் தூரமாகப் போனது. காதுக்குள் ரத்தம் அடித்தது. அவரும் இப்படித்தானே பிடித்துக்கொண்டிருந்தார், யாராவது உண்மையைச் சொல்லட்டும் என்று.

திரையின்மேல் ஈரமாக ஒரு புள்ளி தோன்றியது. சிவப்பு. புள்ளி நகர்ந்தது. ரொம்ப மெதுவாகச் சோளமணியைச் சுற்றி வந்தது. கால் வட்டம். அரை வட்டம்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது.

முக்கால்.

வட்டம் சேர்ந்தது.

"விடுங்க."

அவள் மேஜைமேல் சரிந்து இருமினாள். நிமிர்ந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிடி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. திரையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மெழுகு ஒட்டியது.

பச்சைக் கட்டை அவள் கீழே அனுப்பவில்லை. இரண்டு பைகளில் திணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டினாள்.

*

நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இன்னொரு ஊரில் ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே இன்னும் மாப்பிள்ளை வரவில்லை. பெண் டாக்டர் ஒருவர் படங்களைக் கண்ணால் பார்த்துச் சொல்வார் என்றார்கள்.

மறுநாள் காலை வரிசையில் நின்றாள். டாக்டர் சிடியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இது இருக்கட்டும்மா. புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. பக்கத்து அறைதான்."

எடுத்துக்கொண்டு வந்தாள். தனியாகப் போய், தனியாக நின்று, தனியாகத் திரும்பி வந்தாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவர் ஒரு படத்தைப் பார்ப்பதை அவள் பார்த்ததில்லை.

"காசநோய்," என்றார். "வலது பக்கம், மேல. ஆரம்பம்தான். ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும், ஒரு நாள்கூட விடாம. சுத்தமாப் போயிடும்."

அவ்வளவுதான். சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. இந்த அரை நிமிடத்துக்காகத்தான் ஒருவர் நூற்றுநான்கு திங்கட்கிழமை சட்டையைக் கழற்றி நின்றார்.

"அழாதீங்க. இது இப்பல்லாம் சாதாரணம்." டாக்டர் திரையைப் பெரிதாக்கினார். நெற்றி சுருங்கியது. "ஆனா உங்க பின்னாடி நின்னவருக்குத்தான் ரொம்ப முத்தியிருக்கு."

"யாரு?"

"உங்களத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு. அவரோட விலாவும் சேந்து விழுந்திருக்கு, பாருங்க. எடுக்கும்போது கூட ஆள் நிக்க விடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

அவள் பார்த்தாள். ஒரு சீப்புக்குப் பின்னால் இன்னொரு சீப்பை வைத்ததுபோல, அவள் விலா எலும்புகளுக்கு நடுவே வேறு விலா எலும்புகள். அகலமானவை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். நோயாளி அறைக்குள்ளேயே இருக்கும்போது சொந்தக்காரரிடம் டாக்டர்கள் பேசும் குரல் அது. கண்கள் அவள் தோளுக்கு மேலாகக் கதவுப் பக்கம் போய்த் திரும்பின.

"அவருக்கு இத யாரும் இதுவரைக்கும் சொல்லலையா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தியது அவள்தான்.

"இல்ல டாக்டர். யாருமே சொல்லல. நானும் சொல்லல."

"மறைச்சு வெச்சு என்ன ஆகப்போகுது? நானே சொல்லிடறேன்." டாக்டர் நிமிர்ந்து, அவள் தலைக்கு மேலே பார்த்து, குரலை உயர்த்தினார்.

"ஐயா, ஏன் அங்கயே நிக்கிறீங்க? இப்படி வந்து உக்காருங்க."

பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலி, பாரம் ஏறியதுபோல மெல்ல முனகியது.